குழாய் துப்பவில்லை

எங்கள் டிராவல் டிரெய்லர், காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. அதில் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. தொட்டிகளில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் குட்டி விளக்குகள், பம்புக்கு ஒரு சுவிட்ச், அதற்குக் கீழே வாட்டர் ஹீட்டருக்கு இரண்டு சுவிட்சுகள். ஒன்று கேஸ், இன்னொன்று கரண்ட். கரண்ட் சுவிட்சைப் போட்டால் அதிலேயே ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஹீட்டருக்கு உத்தரவு போய்விட்டது என்று அர்த்தம். கேஸ் சுவிட்சுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்தால் பர்னர் பற்றவில்லை என்று அர்த்தம். இரண்டு விரல் இடைவெளியில் ஒரே நிறத்தில் இரண்டு விளக்குகள். ஒன்று எரிந்தால் நிம்மதி, மற்றது எரிந்தால் வேலை. இந்தப் பலகையை வடிவமைத்தவர் ஒரு நாளாவது அந்த வண்டியில் தங்கிக் குளித்திருப்பாரா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

வண்டி எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பொது. இரண்டு குடும்பமும் பாதிப் பாதி போட்டுப் பழையதாக வாங்கினோம். பெரும்பாலும் சேர்ந்துதான் போவோம். வாங்கிய நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. வெந்நீருக்குக் கேஸா, கரண்டா? மாப்பிள்ளை என்று நான் கூப்பிடும் அந்தத் தம்பி கரண்ட் கட்சி. "அத்தான், முகாம்ல இடத்துக்கு வாடகை கட்டியாச்சு, அதுலயே கரண்ட் காசும் வந்தாச்சு. ஓசியில கிடைக்கிறப்ப எதுக்குக் கேஸை எரிக்கணும்?" என்பான். கேஸ் தீர்ந்தால் முப்பது மைல் ஓடிப் போய்ச் சிலிண்டர் நிரப்பவேண்டியது நான்தான் என்பதால் நானும் கொஞ்ச காலம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஒரு மே மாதச் சனிக்கிழமையில் கட்சி மாறினேன். அதற்குப் பிறகும் அந்த நாள் மனசை விட்டுப் போகவில்லை. யார் தப்பு என்பது எங்களுக்குள் எப்போதோ சிரிப்பாகி முடிந்துவிட்டது. சரியான சோதனையைச் செய்துவிட்டுத்தான் நான் தவறினேன் என்பதுதான் உறுத்துகிறது.

கணக்கு என்ன சொல்கிறது

கரண்ட் கட்சிக்கு அவன் சொல்வதைவிட நல்ல நியாயங்கள் இருக்கின்றன, எதிர் நியாயங்களும் இருக்கின்றன. எங்கள் ஹீட்டர் 6 கேலன் தொட்டி. கிட்டத்தட்ட 23 லிட்டர். அதற்குள் கரண்டில் சூடாகும் கம்பி, அதாவது எலிமென்ட், 1440 வாட். இங்கே அமெரிக்காவில் வண்டிகளில் ஓடுவது 120 வோல்ட் என்பதால் அது 12 ஆம்ப் இழுக்கும். முகாம்களில் நமக்குக் கிடைக்கும் சாதாரண இணைப்பு 30 ஆம்ப். ஏசி ஓடும்போது அதுவே ஒரு 13, 14 ஆம்ப் சாப்பிட்டுவிடும். ஹீட்டரைச் சேர்த்தால் 26. இந்த நேரம் பார்த்து யாராவது மைக்ரோவேவைத் தட்டினால் டப்பென்று எல்லாம் இருட்டாகிவிடும். வீட்டு வாசலில் நிறுத்தி 15 ஆம்ப் பிளக்கில் செருகினால் சொல்லவே வேண்டாம். ஹீட்டர் ஒன்று மட்டும்தான் தாங்கும்.

வேகத்துக்கு வருவோம். குளிர்ந்த தண்ணீர் 15 டிகிரி செல்சியஸில் உள்ளே வருகிறது, சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 60 டிகிரியில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 23 லிட்டரைச் சூடாக்கச் சுமார் 1.2 யூனிட் வேண்டும். 1440 வாட் எலிமென்ட்டுக்கு இது ஐம்பது நிமிட வேலை. கேஸ் பர்னர் ஒரு மணி நேரத்துக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). வாட்டில் சொன்னால் மூவாயிரத்து ஐநூறு. புகையோடு வெளியே போகும் சூட்டைக் கழித்தாலும் அரை மணிக்குள் தண்ணீர் தயார். இரண்டு சுவிட்சையும் சேர்த்துப் போடலாமா என்று புதிதாக வாங்குகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். அதற்காகத்தான் இரண்டு இருக்கிறது. சேர்ந்து ஓடினால் இருபது நிமிடம்கூட ஆகாது. ஏழு பேர் வரிசையில் நிற்கும்போது அதைவிட வேறு வழியும் கிடையாது. தொட்டித் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து குளித்தால் ஷவர் ஐந்து நிமிடம் வரும். சோப்புப் போடும்போது குழாயை மூடினால் இருவர் குளிக்கலாம். மூடாவிட்டால் ஒருவர்தான்.

கேஸ் ரொம்பச் செலவு என்பது பாதி பயம்தான். 20 பவுண்ட் புரொப்பேன் சிலிண்டரில் ஏறக்குறைய 4,30,000 பி.டி.யு. இருக்கிறது. ஒரு தொட்டியைச் சூடாக்க ஐயாயிரத்துச் சொச்சம் போதும். எண்பது தொட்டி வெந்நீர். இதை ஒரு தாளில் போட்டு மாப்பிள்ளையிடம் காட்டினேன். "கணக்கு சரி அத்தான், ஆனா ஓசி ஓசிதானே?" என்றான். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமை

அந்த வருஷத்தின் முதல் பயணம். குளிர்காலம் முழுக்க வண்டி மூடிக் கிடந்தது. மூடுவதற்கு முன் அக்டோபரில் குழாய்களில் இருக்கும் தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டு, உறைந்து வெடிக்காமல் இருக்க ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் ஏற்றவேண்டும். ஹீட்டர் தொட்டிக்குள்ளும் அதை விட்டால் ஆறு கேலன் வீண். அதனால் தொட்டியைக் காலி செய்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். பைபாஸ். மூன்று வால்வு. தொட்டிக்குப் போகும் வழி, தொட்டியிலிருந்து வரும் வழி இரண்டையும் மூடி, நடுவில் இருக்கிற குறுக்கு வழியைத் திறந்துவிட்டால் இரண்டு மூன்று கேலனில் வேலை முடிந்துவிடும். அந்த அக்டோபரில் திருப்பியது நான். ஏப்ரலில் நான் ஊரில் இல்லை. ஆன்டிஃப்ரீஸை அலசி வெளியேற்றியது மாப்பிள்ளை. ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ரோஸ் நிறம் போய்த் தெளிவாக வரும்வரை விட்டிருக்கிறான். வெந்நீர்க் குழாயிலும் தெளிவாக வந்தது. வேலை முடிந்தது என்று எனக்குச் செய்தி அனுப்பினான். அத்தான் வால்வைத் திருப்பியிருப்பார் என்று அவன் நினைத்தான். அலசியவன் திருப்பியிருப்பான் என்று நான் நினைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, கரண்ட் கேபிளைச் செருகி, தண்ணீர்க் குழாயை மாட்டினேன். எலிமென்ட்டைத் தண்ணீர் இல்லாமல் போட்டால் எரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வண்டி வாங்கிய முதல் நாளே யாராவது சொல்லிவிடுகிற விஷயம் அது. தொட்டி நிறைந்ததா என்று பார்க்கும் வழியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெந்நீர்க் குழாயைத் திற, தண்ணீர் விடாமல் ஒரே சீராக வந்தால் தொட்டி நிறைந்துவிட்டது. சமையல் மேடைக் குழாயை வெந்நீர்ப் பக்கம் திருப்பினேன். திருப்பிய மறு நொடி கம்பி போல வந்தது. ஒரு இருமல், ஒரு தும்மல் இல்லை. "பாத்தியா, ஆறு மாசம் தூங்கிட்டு எந்திரிச்ச வண்டி மாதிரியா இருக்கு?" என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். கரண்ட் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் ஏரிக்கரையிலிருந்து முழங்கால் வரை சேற்றோடு வந்தார்கள். மனைவி ஷவரைத் திறந்துவிட்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, தண்ணி ஐஸா வருது." பிரேக்கரைப் பார்த்தேன், விழவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. வருஷத்தின் முதல் நாள், தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றேன். இன்னும் அரை மணி. அதே ஐஸ். சில மாடல்களில் வெளிப்பக்கக் கதவைத் திறந்தால் எலிமென்ட்டுக்கென்று தனியாக இன்னொரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது அணைந்து கிடந்தால் உள்ளே என்ன போட்டாலும் ஒன்றும் நடக்காது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அதுவும் போட்டுத்தான் இருந்தது. மாப்பிள்ளை இன்னும் பொறுக்கச் சொன்னான். பிள்ளைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. கேஸ் சுவிட்சைத் தட்டினேன்.

கேஸ் பற்றுவது கேட்கும். சுவரின் அந்தப் பக்கம் டிக் டிக் டிக் என்று பொறி அடிக்கும், ஒரு மூச்சு இழுத்து விட்ட மாதிரி புஸ்ஸென்று பற்றும், அப்புறம் ஸ்டவ்வைப் பெரிதாக்கி வைத்தாற்போல ஒரு தொடர்ந்த இரைச்சல். குளிர்காலத்துக்குப் பிறகு முதல் தடவை என்றால் குழாயில் காற்று நிற்கும், இரண்டு மூன்று முறை முயன்றுதான் பற்றும். நான் முன்னாலேயே அடுப்பைப் பற்றவைத்துக் காற்றை வெளியேற்றியிருந்ததால் முதல் தடவையே பற்றிக்கொண்டது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஒன்றரை நிமிஷம் இருக்கும். இரைச்சல் நின்றுவிட்டது. கேஸ் பக்கத்துச் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதாவது கோளாறு இல்லை.

"சூடாயிடுச்சு போல அத்தான், அதான் கட் ஆயிடுச்சு" என்றான் மாப்பிள்ளை. அவன் சொன்னது சரிதான். தெர்மோஸ்டாட் போதுமான சூடு வந்தால்தான் பர்னரை நிறுத்தும். கொஞ்ச நேரத்தில் திரும்ப டிக் டிக், திரும்ப இரைச்சல், திரும்ப ஒரு நிமிஷத்தில் நிறுத்தம். மனைவி அத்தனை நேரமும் குழாயடியில் கையை வைத்தபடி நின்றிருந்தாள். விரல்கள் சிவந்திருந்தன. "சூடாயிடுச்சுன்னா, அந்தச் சூடு எங்க இருக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. தெர்மோஸ்டாட் தொட்டியின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தெரிவது தொட்டியின் சூடு. குழாயில் வருவது தண்ணீரின் குளிர். இரண்டும் பொய் சொல்லவில்லை என்றால் தொட்டியும் தண்ணீரும் ஒரே இடத்தில் இல்லை. அரை மணி நேர வேலையை ஒன்றரை நிமிஷத்தில் முடிக்க எந்தப் பர்னராலும் முடியாது, தொட்டிக்குள் ஒன்றும் இல்லாவிட்டால் ஒழிய. கேஸ் சுவிட்சை அணைத்தேன். கரண்ட் சுவிட்ச் இன்னும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. அதையும் அணைத்தேன். பைபாஸ் வால்வுகள் இருப்பது கட்டிலுக்கு அடியில். கட்டில் பலகையைத் தூக்கி, நான்கு திருகாணியைக் கழற்றி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். மூன்று கைப்பிடிகளும் அக்டோபரில் நான் வைத்த கோலத்திலேயே இருந்தன. மேலும் கீழும் இருப்பவை குழாய்க்குக் குறுக்கே, அதாவது மூடி. நடுவில் இருப்பது குழாயோடு ஒட்டி, அதாவது திறந்து.

வெட்கத்தில் கை தானாகக் கீழ்வால்வுக்குப் போய்விட்டது. "அத்தான், தொடாதீங்க. காஞ்ச வாணலி அது" என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை கத்தினான். நல்லவேளை. பர்னர் சுட்டுவைத்த வெறும் தொட்டியில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஆவி எந்தப் பக்கம் கிளம்பும் என்று சொல்ல முடியாது. தொட்டியின் உள்பூச்சும் விரிசல் விடலாம். ஒன்றேகால் மணி நேரம் ஆறப் போட்டோம். பிள்ளைகள் துண்டால் துடைத்துக்கொண்டு சேற்றோடேயே சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை, ஆனால் அவனும் நானும் சத்தமாகப் பேசிக்கொள்ளவும் இல்லை.

ஆறிய பிறகு மூன்றையும் திருப்பினேன். உள்ளே தண்ணீர் இறங்கும் ஓசை நன்றாகக் கேட்டது. சமையல் மேடையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தே வைத்திருந்தோம். முதலில் காற்று மட்டும் சீறியது. அப்புறம் ஒரு துப்பு. மறுபடி காற்று. மறுபடி இரண்டு துப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி முழுக்கத் தெறித்தது. ஆறு கேலன் காற்று வெளியேற நாலைந்து நிமிஷம் ஆயிற்று. துப்பித் துப்பிக் கடைசியில் கம்பியாக வந்தது. சாயங்காலம் முதல் நொடியிலேயே கம்பியாக வந்ததைப் பார்த்துத்தான் நான் பெருமை அடித்தேன். காலியான தொட்டி நிறைகிறது என்றால் அதிலிருக்கும் காற்று எங்காவது வெளியேறித்தான் ஆகவேண்டும். துப்பாமல் வந்த தண்ணீர் தொட்டிப் பக்கமே போகவில்லை.

கேஸ் அன்று ராத்திரி இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. எல்லோரும் குளித்தோம்.

பத்து ஓம்

கரண்ட் பக்கம் அதற்குப் பிறகு வேலை செய்யவே இல்லை. விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பிரேக்கரை அணைத்து, எலிமென்ட் மூடியைக் கழற்றி, இரண்டு முனையிலும் இருந்த வயரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். 120 வோல்ட்டில் 1440 வாட் தரும் எலிமென்ட் நல்ல நிலையில் இருந்தால் அதன் மின்தடை 10 ஓம் என்று காட்டவேண்டும். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. உள்கம்பி அறுந்துவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டு, ஒன்றரை அங்குல சாக்கெட்டைப் போட்டு மெதுவாகத் திருகி வெளியே இழுத்தேன். கொண்டை ஊசி மாதிரி வளைந்த கம்பி. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் உப்பி, நீளவாக்கில் வெடித்து, வெடிப்பிலிருந்து விபூதி போல ஒரு வெள்ளைத் தூள் உதிர்ந்தது. மக்னீசியம் ஆக்சைடு. நடுவில் ஓடும் சூட்டுக்கம்பியும் வெளி உறையும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க அடைத்துவைக்கிற தூள் அது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பென்சில் கனம்கூட இல்லாத ஒரு கம்பியில் 1440 வாட். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். காற்று வாங்காது. ஒரு நிமிஷம்கூடத் தாங்கியிருக்காது. நான் சுவிட்சைப் போட்டுவிட்டு நாற்காலியை வெளியே எடுத்துப் போடுவதற்குள் அது செத்திருக்கும். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நாங்கள் ஒரு பிணத்தின் முன்னால் வெந்நீருக்குக் காத்திருந்தோம்.

புது எலிமென்ட்டும் ரப்பர் வாஷரும் மாட்டுவது அரை மணி நேர வேலை. மாட்டியபின் அதே மீட்டரை வைத்தேன். 10.1. இவ்வளவு திருப்தியாக ஒரு எண்ணைப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகிறது.

அந்த விளக்குக்கு என்ன தெரியும்

அந்தக் கரண்ட் விளக்கு ஏன் கடைசிவரை எரிந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் சாதாரணம். உள்ளே நாம் தட்டும் சுவிட்ச் 12 வோல்ட் பேட்டரி கரண்டில் ஓடுகிறது. அது ஒரு ரிலேயை, அதாவது கரண்டால் இயங்கும் இன்னொரு சுவிட்சைத் தூண்டுகிறது, ரிலே 120 வோல்ட்டை எலிமென்ட்டுக்கு விடுகிறது. விளக்கு சுவிட்சோடு சேர்ந்தது. ரிலேக்கு அந்தப் பக்கம் எலிமென்ட் இருக்கிறதா, போய்விட்டதா, தொட்டி நிறைந்ததா, காலியா, ஒன்றும் அதற்குத் தெரியாது. நான் சுவிட்சைப் போட்டேன் என்பது மட்டும்தான் தெரியும். அது எனக்கே தெரியுமே.

கேஸ் பக்கம் நிலைமை வேறு. வால்வு திறந்து பொறி அடித்ததும், அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் மின்முனை சுடரை மோப்பம் பிடிக்கும். சுடர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். அது பாய்ந்தால் பற்றிவிட்டது என்று சர்க்யூட் போர்டு ஏற்றுக்கொள்கிறது. சில நொடிக்குள் அந்தச் சேதி வராவிட்டால் வால்வை மூடிவிடுகிறது. பெரும்பாலான மாடல்கள் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுத்தான் சிவப்பு விளக்கைப் போடும். எரியாத கேஸ் கசிந்து தேங்கினால் உயிருக்கு ஆபத்து, அதனால் இத்தனை காவல். கரண்ட் பக்கம் எலிமென்ட் செத்தால் நஷ்டம் எலிமென்ட்டுக்கு மட்டும், அதனால் யாரும் மெனக்கெடவில்லை. கேஸ் என்றால் பயம், கரண்ட் என்றால் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், பயத்துக்குரியதற்குத்தான் கண்ணும் காதும் கொடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதன் குறை ஒன்று உண்டு. பொறி அடிக்கவும் வால்வு திறக்கவும் 12 வோல்ட் வேண்டும். பேட்டரி இறங்கிப்போனால் சிலிண்டர் நிறையக் கேஸ் இருந்தும் வெந்நீர் கிடையாது. இன்னொன்று, வண்டி ஓடும்போதும் பெட்ரோல் போடும் இடத்திலும் அது அணைந்திருக்கவேண்டும்.

இப்போது என் வழக்கம் இது. வருஷத்தின் முதல் பயணத்தில் கேஸைத்தான் முதலில் போடுவேன். இரைச்சல் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறதா என்று காது கொடுப்பேன். வெந்நீர் கையில் பட்ட பிறகுதான் கரண்ட். அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. வெளிக்கதவைத் திறந்தால் தொட்டியின் மேல்பகுதியில் பித்தளையில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். அழுத்தம் 150 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினாலோ, சூடு 210 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ தானாகத் திறந்துவிடுகிற வால்வு. ஹீட்டர் போடும் முன், எல்லாம் குளிர்ந்திருக்கும்போது, அதன் நெம்புகோலை மெல்லத் தூக்கினால் தண்ணீர் கொட்டவேண்டும். கொட்டினால் தொட்டி நிறைந்திருக்கிறது. அது தொட்டியிலேயே மாட்டியிருப்பதால் பைபாஸ் அதை ஏமாற்ற முடியாது. வெறும் காற்றுச் சீறினாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ கட்டிலைத் தூக்கவேண்டியதுதான். சூடாக இருக்கும்போது மட்டும் இந்த விளையாட்டு கூடாது. கை வெந்துவிடும்.

அதே வால்வு ஹீட்டர் ஓடும்போது சொட்டுச் சொட்டாக ஒழுகினால் கெட்டுவிட்டது என்று உடனே புதுசு வாங்காதீர்கள். தண்ணீர் சூடானால் விரியும், விரிவதற்கு இடம் கொடுக்கத் தொட்டியின் தலையில் ஒரு காற்றுப்பை இருக்கவேண்டும். நாளாவட்டத்தில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து போய்விடும். ஹீட்டரை அணைத்து ஆறவைத்து, தண்ணீர் வரத்தை நிறுத்தி, உள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, நெம்புகோலைத் தூக்கி ஒழுகுவது நிற்கும்வரை விட்டு மூடினால் காற்றுப்பை திரும்ப வந்துவிடும். வாசலுக்கு வெளியே இருக்கும் ஷவரின் இரண்டு குழாய்களும் திறந்து கிடந்து, கைப்பிடிப் பொத்தான் மட்டும் மூடியிருந்தால் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் உள்ளேயே கலந்து வண்டி முழுக்க வெதுவெதுப்பாகத்தான் வரும். இது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு.

ஆனோட் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சபர்பன் என்ற கம்பெனியின் ஹீட்டர்களில் இரும்புத் தொட்டி, உள்ளே பீங்கான் பூச்சு. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அதற்குப் பதிலாகத் தான் அரிபட்டுச் சாகும் ஒரு கம்பியை வடிகால் மூடியோடு சேர்த்துவைத்திருப்பார்கள். அட்வுட் என்ற இன்னொரு கம்பெனியின் தொட்டிகள் அலுமினியம். அவற்றில் அது கிடையாது, வெறும் பிளாஸ்டிக் மூடிதான். எங்கள் வண்டியில் கம்பி உண்டு. ஒவ்வொரு அக்டோபரிலும் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கழற்றுவேன். போடும்போது விரல் கனம் இருந்தது, எடுக்கும்போது கரையான் தின்ற குச்சி மாதிரி இருக்கும், சில இடத்தில் நடுக்கம்பி மட்டும் மிச்சம். முக்கால்வாசி போய்விட்டால் மாற்றவேண்டும்.

இந்த ஏப்ரலில் நான்தான் அலசினேன், மாப்பிள்ளைக்கு வேலை. வால்வுகளைத் திருப்பிய பிறகு கட்டில் பலகைக்கு அடியில் ஒரு அட்டையைக் கட்டி, தேதி போட்டு, "திருப்பியாச்சு" என்று கையெழுத்தும் போட்டுவைத்தேன். அவன் அதை நம்பவில்லை. நான் சமையல் மேடையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது.

"அத்தான், துப்புதா?"

போனைக் குழாய்ப் பக்கம் காட்டினேன். ஒரு சீறல், கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் சட்டையெல்லாம் தெறித்தது.

"துப்புது மாப்ளே."

"இன்னும் கொஞ்சம் காட்டுங்க" என்றான்.